பத்து வண்டிக்கு ஒரு நீதி, ஒற்றை வண்டிக்கு ஒரு நீதியா?

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பாதையைக் கேளுங்கள். பிக்கப் வண்டியின் பெருமூச்சை அது சொல்லும். கல்வராயன் மலையின் மரவள்ளியும் கடுக்காயும் கள்ளக்குறிச்சிக்கு இறங்குவது அந்த வண்டியில்தான்.

ஏற்றத்தில் உழைத்து உழைத்து இன்ஜின் ஓய்ந்தால், ஒற்றை வண்டிக்காரன் என்ன செய்வான்? பழைய டீசல் கார் இன்ஜினைப் பொருத்தலாமா என்று பட்டறையைத் தேடுகிறான். கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்!

இந்தத் தடையை நாம் எதிர்க்கவில்லை. கார் இன்ஜின் ஆட்களைச் சுமக்கச் செய்தது. பாரம் இழுக்க அல்ல. கிளச்சும் கியரும் பிரேக்கும் அதற்கு இசையாவிட்டால், மலை இறக்கத்தில் பறிபோவது ஏழையின் உயிர்தான்.

ஆனால், அதே பிரிவை மேலும் படியுங்கள். பத்துக்குக் குறையாத வண்டி வைத்திருப்பவர், அதே கம்பெனியின் அதே ரக இன்ஜினை, பதிவு அதிகாரியின் ஒப்புதல் இன்றியே மாற்றிக்கொள்ள மாநில அரசு அனுமதிக்கலாமாம்! ஒற்றை வண்டிக்காரனுக்கு அந்த வழி இல்லை. முதலாளிக்குத் திறக்கும் கதவு, உழைப்பாளிக்கு ஏன் அடைபட வேண்டும்?

1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்த மலை இது. அன்று அவர்கள் முன் கைகட்டி நின்றவனின் பேரன், இன்று அலுவலக வாசலில் காத்துக்கிடப்பதா?

'பத்து' என்ற சொல்லை டில்லி நீக்கட்டும். அதுவரை, போக்குவரத்து அதிகாரிகள் மாதம் ஒருநாள் வெள்ளிமலை ஏறி வரட்டும், இன்ஜினைச் சோதிக்கட்டும், அன்றே பதிவுப் புத்தகத்தில் எழுதித் தரட்டும். நாம் கேட்பது சலுகை அல்ல, சமநீதி!