நாவுக்கு வரி

வரி என்ற பேச்சு எழுந்தால் நம் ஜனங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது உப்பு. 1930-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்து வெயிலில் ராஜாஜி தொண்டர் படையுடன் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து சென்றது எதற்காக? ஏழையின் கஞ்சியில் விழும் ஒரு சிட்டிகை உப்புக்கும் அந்நிய சர்க்கார் வரி கேட்டதற்காக. அந்த வரி 1947-ல் ஒழிந்தது. இப்பொழுது காலம் எப்படி மாறியிருக்கிறது பாருங்கள்! நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு சேர்த்துக் கொள்ளுங்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. அது மட்டுமல்ல, உப்பும் சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்த பண்டங்களுக்கு வரி போட்டால் என்ன என்று பல தேசத்து நிபுணர்களும் கேட்கிறார்கள். உப்பு வரியை எதிர்த்துச் சிறை சென்றவர்களின் பேரப் பிள்ளைகள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டு வரிகளும் ஒன்றல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். உப்பில்லாமல் மனிதன் வாழ முடியாது; ஆகையால் உப்பு வரியிலிருந்து ஒருவரும் தப்ப முடியாது. அதுதான் அதன் கொடுமை. கலர் தண்ணீர் இல்லாமல் மனிதன் தாராளமாக வாழலாம். ஆரோக்கியத்துக்காகப் போடும் வரி, ஜனங்கள் தப்பித்துக் கொள்ள வேண்டும் என்பதற்காகவே போடும் வரியாயிருக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை நேயர்கள் மனத்தில் வைத்துக் கொண்டால் மற்ற விஷயங்கள் தெளிவாகிவிடும்.

"என் நாக்கு, என் வயிறு, நடுவில் சர்க்காருக்கு என்ன வேலை?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். சுதந்திரத்துக்காகப் பாடுபட்ட நாட்டில் சர்க்கார் அடுப்பங்கரை வரையில் வருவதை யாரும் விரும்பமாட்டார்கள். ஆனால் வயிறு ஒருவனுடையதாயிருந்தாலும் வியாதி அவனோடு நிற்பதில்லை. நம் தேசத்தில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாகவும், இன்னும் 13 கோடிப் பேருக்கு மேல் அதன் வாசற்படியில் நிற்பதாகவும் 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில் கணக்கு கூறுகிறது. கால் புண் ஆறாமல் ஆஸ்பத்திரியில் கிடப்பவர் ஒருவர். தாலிக்கொடியை அடகு வைப்பவர் மனைவி. படிப்பை நிறுத்துவது பிள்ளை. மருந்துக்குப் பணம் கொடுப்பது பொது கஜானா. கடையில் கொடுத்த விலை போக, பாக்கி விலையை இவர்கள் எல்லோரும் சேர்ந்து கொடுக்கிறார்கள்.

மேலும், 300 மில்லி லிட்டர் கோலா பானம் ஒன்றில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. தேக்கரண்டியால் அளந்தால் ஏழுக்குக் குறையாது. காபி டம்ளரில் ஏழு கரண்டி சர்க்கரை போட்டு நீட்டினால், நம் வீட்டுக் குழந்தை கூட முகத்தைச் சுளிக்கும். குளிர வைத்து, நுரை பொங்கச் செய்து, சினிமா நட்சத்திரமோ கிரிக்கெட் வீரரோ சிரித்துக் கொண்டு நீட்டினால் இனிப்பின் அளவு நாக்குக்குத் தெரிவதில்லை. பள்ளிக்கூட வாசலில் நிற்கும் பத்து வயதுப் பையன் இந்த விஷயத்தில் சுதந்திரமாக யோசித்து முடிவு செய்கிறான் என்று சொன்னால் அது வேடிக்கைதான்.

ஆகவே, வரி போடலாமா என்பதை விட, எப்படிப் போடுவது என்பதே பெரிய கேள்வி. இதில் பிற தேசங்கள் பெற்ற அனுபவம் நமக்கு உதவியாயிருக்கிறது.

டென்மார்க் தேசத்தார் 2011 அக்டோபரில் கொழுப்புக்கு வரி விதித்தார்கள். வெண்ணெய், பாலாடைக்கட்டி, மாமிசம் ஒன்றும் தப்பவில்லை. குடித்தனக்காரர்கள் என்ன செய்தார்கள்? எல்லை தாண்டி ஜெர்மனிக்குப் போய் வெண்ணெய் வாங்கி வந்தார்கள். பதினைந்தே மாதத்தில் அந்த வரி எடுபட்டது. அண்டை வீடாகிய கேரளத்தில் 2016-ல் பர்கர், பீட்ஸா முதலியவற்றுக்கு 14.5 சதவிகிதம் 'கொழுப்பு வரி' என்று ஒன்று வந்தது. பெரிய கம்பெனிகளின் பெயர்ப்பலகை தொங்கும் உணவு விடுதிகளுக்கு மட்டுமே அந்த வரி. பெயர்ப்பலகை இல்லாத கடையில் எண்ணெயில் மிதக்கும் பரோட்டாவுக்கு வரியில்லை. கொழுப்புக்குக் கடையின் பெயர் தெரியுமா என்ன? மறு வருஷம் சரக்கு சேவை வரி வந்ததும் அது மறைந்தது.

மெக்ஸிகோ தேசத்தார் இன்னும் சற்று யோசித்துச் செய்தார்கள். 2014-ஆம் வருஷ ஆரம்பத்திலிருந்து இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெஸோ வரி. முதல் வருஷத்தில் ஜனங்கள் அவற்றை வாங்குவது 5 சதவிகிதத்துக்குச் சற்று அதிகமாகவும், இரண்டாம் வருஷத்தில் 10 சதவிகிதத்துக்குச் சற்றே குறைவாகவும் இறங்கியது. ஏழைக் குடும்பங்களில்தான் அதிகமாகக் குறைந்தது. "இது ஏழை தலையில் விழும் வரி" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வரி மட்டுமல்ல, வியாதியும் ஏழை தலையில்தான் விழுகிறது. அதிலிருந்து தப்பியவரும் ஏழைதான்.

எல்லாவற்றையும் விட நமக்குப் பிடித்தது பிரிட்டிஷார் செய்த காரியம். உப்பு வரி போட்டவர்களைப் புகழ நேர்ந்ததே என்று நேயர்கள் வருந்த வேண்டாம். நல்லது எங்கிருந்தாலும் எடுத்துக் கொள்ளலாம். 2016-ல் அவர்கள் ஓர் அறிவிப்புச் செய்தார்கள். நூறு மில்லி லிட்டர் பானத்தில் 5 கிராம் சர்க்கரை இருந்தால் லிட்டருக்கு 18 பென்ஸ்; 8 கிராம் இருந்தால் 24 பென்ஸ்; 5 கிராமுக்குக் குறைந்தால் ஒன்றுமில்லை. வரி அமலுக்கு வந்தது 2018 ஏப்ரலில். நடுவில் இருந்த இரண்டு வருஷத்தில் கம்பெனிக்காரர்கள் தாங்களாகவே சர்க்கரையைக் குறைத்துவிட்டார்கள். 2015-க்கும் 2019-க்கும் இடையில் அந்தப் பானங்களின் சராசரிச் சர்க்கரை 40 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தது. குடிப்பவரின் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. கலப்பவரின் கையைப் பிடித்தார்கள். 52 கோடி பவுன் வரும் என்று ஆரம்பத்தில் எதிர்பார்த்தார்கள். முதல் வருஷம் வந்தது சுமார் 24 கோடிதான். இந்த வரிக்கு அந்த நஷ்டமே லாபம்!

நம் தேசத்தின் நிலைமை என்ன? 2025 செப்டம்பரில் செய்த மாறுதலின்படி சர்க்கரை சேர்த்த குளிர்பானங்களுக்கு 40 சதவிகிதம் சரக்கு சேவை வரி. சரிதான் என்று தோன்றும். ஆனால் நூறு மில்லி லிட்டரில் 4 கிராம் கலப்பவருக்கும் 11 கிராம் கலப்பவருக்கும் ஒரே விகிதம். சர்க்கரைக்குப் பதில் வேறு இனிப்புச் சரக்கு சேர்த்தாலும் அதே 40. அப்படியிருக்கக் கம்பெனிக்காரர் எதற்காகச் சர்க்கரையைக் குறைக்கப் போகிறார்? அதே நாளில் பிஸ்கோத்து, சாக்லேட், பொட்டலத்தில் அடைத்த காரவகை எல்லாவற்றுக்கும் வரி 5 சதவிகிதமாக இறங்கியது. வீட்டுச் செலவு குறைந்ததில் யாருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ஆரோக்கியத்தை யோசித்துப் போட்ட கணக்கு இது என்று யாரும் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் நம் பெரிய பயத்தையும் சொல்லிவிட வேண்டும். தீய பழக்கத்துக்குப் போடும் வரியில் ஓர் ஆபத்து இருக்கிறது. பழக்கம் ஜனங்களை விட்டுப் போவதற்குள் வருமானம் சர்க்காரைப் பிடித்துக் கொள்ளும். இதற்கு உதாரணம் தேட டென்மார்க்குக்குப் போக வேண்டியதில்லை. 1937-ல் ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டு வந்தபோது கலால் வருமானம் போயிற்று. அதை ஈடு செய்ய 1939-ல் விற்பனை வரி பிறந்தது. குடிகாரன் வீட்டுப் பணம் வேண்டாம், வேறு வழி பார்க்கிறோம் என்று ஒரு சர்க்கார் துணிந்தது. மதுவிலக்கு நிறைவேறியதா, கள்ளச் சாராயம் பெருகியதா என்ற வாதம் வேறு. அந்தத் துணிவை மறுக்க முடியாது. பிறகு 1971-ல் மதுவிலக்குத் தளர்ந்தது. 2003 முதல் சர்க்காரே சில்லறைக் கடை வைத்து மது விற்கிறது. 2024-25-ஆம் வருஷத்தில் டாஸ்மாக் மூலம் கஜானாவுக்கு வந்தது 48,000 கோடி ரூபாய்க்கு மேல். எந்தக் கட்சி பதவிக்கு வந்தாலும் இந்தத் தொகையை இழக்கப் பயப்படுகிறது. குடிப்பவன் கூட ஒரு நாள் விட்டுவிடலாம். நிதி மந்திரியால்தான் விட முடிவதில்லை!

சர்க்கரை வரியும் அந்த வழியில் போய்விடக் கூடாது. அதற்கு நம் யோசனை மூன்று.

முதலாவது, விலைக்கு வரி வேண்டாம். கலந்திருக்கும் சர்க்கரையின் அளவுக்கு வரி போடுங்கள். குறைப்பவர் தப்பட்டும். ஏழைக் குடும்பம் தேநீரில் போட்டுக் கொள்ளும் சர்க்கரையை நியாய விலைக் கடையில் சர்க்காரே குறைந்த விலைக்குக் கொடுக்கிறது. அதன்மேல் கை வைக்க வேண்டாம். வரி தொழிற்சாலை வாசலிலேயே நிற்கட்டும்.

இரண்டாவது, வரும் பணம் பொது மூட்டையில் விழுந்து கரைந்து போகக் கூடாது. பள்ளிக்கூடத்தில் நல்ல குடிதண்ணீர், விளையாட இடம், தாலுகா ஆஸ்பத்திரியில் தட்டில்லாமல் நீரிழிவு மருந்து: இவற்றுக்கென்று தனிக் கணக்கு வேண்டும். குழாயில் நல்ல தண்ணீர் வராத ஊரில், "கலர் குடிக்காதே" என்று பையனிடம் சொல்ல யாருக்கு வாய் வரும்? மோரும் பானகமும் பிறந்த நாட்டில் தாகத்துக்கு வேறு வழியில்லை என்ற நிலை ஏற்பட்டதே வெட்கக்கேடு.

மூன்றாவது, வருஷா வருஷம் சட்டசபையில் ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். எத்தனை கோடி வந்தது என்பதல்ல. பானத்தில் எத்தனை கிராம் குறைந்தது, குழந்தைகள் குடிப்பது எவ்வளவு குறைந்தது என்ற கணக்கு.

"இந்த வருஷம் சர்க்கரை வரியில் வசூல் பாதியாகிவிட்டது" என்று ஒரு நிதி மந்திரி எழுந்து சொல்ல, சபையில் எல்லாக் கட்சியினரும் மேஜையைத் தட்டி ஆனந்தப்பட வேண்டும். அப்படிப்பட்ட வரி என்றால் நாம் சந்தோஷமாகக் கொடுக்கத் தயார். வசூல் பெருகியது என்று மேஜையைத் தட்டும் சபையாயிருந்தால், வேதாரண்யத்துக்கு வழி நமக்குத் தெரியும்.