கொல்லைப்புறத்தில் 25 டன் தண்ணி

மக்களே, இங்க அமெரிக்காவில் கோடை வந்தாச்சுன்னா பெரிய கடைகளில் நீச்சல் குளத்தையே மடிச்சு பெட்டியில் போட்டு விற்பார்கள். தோண்ட வேண்டாம், தரைக்கு மேல நிறுத்துற வகை. மாட்டுறது அரை நாள் வேலைதான், ஒத்துக்கிறேன். தரையைச் சமன் பண்ணத்தான் எனக்கும் தங்கமணிக்கும் ரெண்டு வார இறுதி ஆச்சு.

18 அடி விட்டம், மூன்றரை அடி தண்ணின்னா கிட்டத்தட்ட 25 டன். லேசான சரிவு இருந்தாலும் பாரம் பள்ளத்துப் பக்கம் சாயும். பள்ளத்துல மண்ணைக் கொட்டி நிரப்பினா புது மண் அமுங்கிடும். மேட்டைத்தான் வெட்டி இறக்கணும். முதுகு ஒடியும், வேற வழியில்லை. (பக்கத்து வீட்டுக்காரர் நாயோட வந்து வேடிக்கை பார்த்தார். மண்வெட்டியைத் தொடலை!)

ஆனா என் கட்சி வேற. குளம் வாங்குறதுக்கு முன்னாடி வேலிக்குக் காசு எடுத்து வைங்க. இந்த நாட்டில் 1 முதல் 4 வயசுக் குழந்தைகள் இறப்புக்கு முதல் காரணமே தண்ணியில் மூழ்குறதுதான். "தரைக்கு மேலதானே இருக்கு, குழந்தை எப்படி ஏறும்?"ங்கிறாங்க. பின்ன ஏணி எதுக்கு இருக்கு? குளிச்சு முடிச்சதும் ஏணியைக் கழட்டி கராஜில் வச்சுப் பூட்டுங்க. நாலடிக்குக் குறையாத வேலி, தானா மூடித் தாழ் விழுற கதவு, ரெண்டும் வேணும். பம்ப், நாற்காலி எதையும் குளத்தை ஒட்டி வைக்காதீங்க, குழந்தைக்கு அதுவும் ஏணிதான். எங்க ஊர் நகராட்சி வேலியைப் பார்த்துட்டுத்தான் தண்ணி நிரப்பவே விட்டாங்க. நண்பர்கள் அதைத் தொல்லைங்கிறாங்க. எனக்கு அப்படித் தோணலை, என் பொண்ணுக்கு மூணு வயசு.