'ராபின்'னா எந்தக் குருவிங்க?

மளிகைக் கடையில் "ராபின் இருக்கா?" என்று கேட்டால், வெள்ளைச் சட்டைக்குப் போடும் நீலம்தான் நினைவுக்கு வரும். கிரிக்கெட் பிரியர்கள் தமிழ்நாட்டு அணிக்கு ஆடிய ராபின் சிங்கைச் சொல்வார்கள். 2019 உலகக் கோப்பையில் 10 அணிகளும் ஒன்றோடொன்று மோதினவே, அந்த முறைக்கும் 'ரவுண்டு ராபின்' என்றுதான் பெயர்.

அசலில் ராபின் ஒரு குருவி. எந்தக் குருவி? அங்கேதான் வில்லங்கம்!

இங்கிலாந்து ராபின் செம்மஞ்சள் நெஞ்சுள்ள சின்னப் பறவை. அங்கிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள், சிவந்த நெஞ்சுள்ள வேறொரு பறவையைப் பார்த்து, ஊர் ஞாபகத்தில் அதற்கும் அதே பெயரை வைத்தார்கள். எடையில் அது நாலு மடங்கு!

இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. நம்ம கருஞ்சிட்டு 'இந்தியன் ராபின்' ஆயிற்று. கறுப்பு வெள்ளைக் குண்டுக்கரிச்சான் 'மேக்பை ராபின்' ஆயிற்று. வங்கதேசத்தின் தேசியப் பறவை இதுதான். இரண்டும் தமிழ்நாட்டில் சர்வசாதாரணம்.

சரி, நாமக்கல் மாவட்டத்தில் 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகும் கொல்லிமலைக்கு இதில் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. தமிழக வனத்துறை மாநிலம் முழுக்கப் பறவைக் கணக்கு எடுக்கிறது. நோட்டில் "ராபின் 6" என்று மொட்டையாக எழுதினால் எதை எண்ணியதாக அர்த்தம்? கணக்கே வீண். காட்டுப் பறவையைப் பிடிப்பது 1972 சட்டப்படி குற்றம். "ராபினைப் பிடிச்சுட்டாங்க" என்று ஒருவர் புகார் கொடுத்தால், "எந்த ராபின்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

தமிழ்ப் பெயரிலும் சிக்கல் உண்டு. வெறும் 'கரிச்சான்' என்றால் இரட்டைவால் குருவி என்று நினைப்பவர்களே அதிகம். ஆகவே பெயரை முழுசாகச் சொல்ல வேண்டும்.

கொல்லிமலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். கூவலைக் கேட்டே குருவியைச் சொல்லும் பெரியவர்களிடம் பெயர்களைக் கேட்டு எழுதி வைக்க வேண்டும். அந்தக் கிழவர்கள் போய்விட்டால் பெயரும் போய்விடும்.

அறிவிப்புப் பலகையில் மலைப்பெயர், தமிழ்ப்பெயர், முழு ஆங்கிலப் பெயர், விஞ்ஞானப் பெயர் நாலும் இருக்கட்டும். டூரிஸ்டுகளுக்கு வழிகாட்டும் உள்ளூர்ப் பையன்களுக்கும் அது பிழைப்புக்கு உதவும்.

இதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும், காது கொடுத்துக் கேட்க ஒரு ஆளும் போதும். வனத்துறை கவனிக்குமா?