பற்சக்கரமும் பாதையும்

பழைய மோட்டார் சைக்கிளைச் செப்பனிட்டுப் புதுக்கோலம் புனைவித்தல் இக்காலத்து இளைஞரிடையே பெருவிருப்பாய்ப் பரவியுள்ளது. அம்பத்தூர்க்கும் ஆவடிக்கும் இடைப்பட்ட திருமுல்லைவாயிலில், சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையோரம் சிறிது நேரம் நின்று நோக்குவார், தந்தையோ பாட்டனோ ஊர்ந்த புல்லட் வண்டிகள் புதுமெருகுடன் செல்லக் காண்பர். முன்னோர் பொருளைப் போற்றும் இவ்விருப்பம் பாராட்டற்குரியதே. ஆயினும், இருக்கையையும் கைப்பிடியையும் வண்ணத்தையும் பற்றித் திங்கட்கணக்கில் ஆராயும் அன்பர், பட்டறையார் ஸ்ப்ராக்கெட் என வழங்கும் பற்சக்கரத்தின் அளவை மட்டும் ஒரு நொடியில் முடிவு செய்துவிடுகின்றனர். முன்னே பெரியதைப் பூட்டினால் வேகம் மிகும் என்பதே அவர்தம் கொள்கை. வண்டி நாடோறும் செல்லும் பாதையே அவ்வளவைத் தீர்மானித்தல் வேண்டும் என்பது எம் கருத்து.

இப்பொருள் நம் நகர்க்குப் புதியதொன்றன்று. 1955-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்பீல்டு நிறுவனத்தாரும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் கூடி என்பீல்டு இந்தியாவைத் தோற்றுவிக்க, திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் உருவாகலாயின. 1949-இல் தோன்றிய டி. ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஆலை அம்பத்தூரில் எழுந்தது. இவ்விருவகை வண்டிகளும் நம்பியிருக்கும் உருளைச் சங்கிலியை, 1880-இல் மாஞ்செஸ்டர் நகரில் ஹான்ஸ் ரெனால்டு என்பார் வகுத்தளித்தார். ஆகவே சங்கிலியையும் பல்லையும் பற்றி அறிதல், நம் வட்டாரத்துத் தொழிலை நாம் அறிதலேயாம்.

இனி, இதன் இயல்பை ஆராய்வாம். பழைய 350 புல்லட்டின் கியர்ப்பெட்டியில் அமைந்த சிறு பற்சக்கரத்துக்குப் பல் 16. பின்சக்கரத்தில் உள்ளதற்குப் பல் 38. முன்னது 38 முறை சுழன்றால் பின்னது 16 முறை சுழலும். பின்னது பிரேக் டிரம்முடன் ஒன்றாய் அமைந்திருத்தலின், மாற்ற விழைவோர் பெரும்பாலும் முன்னதையே மாற்றுவர். முன்னே ஒரு பல்லைக் கூட்டுதல் நூற்றுக்கு 6 பங்குக்குச் சற்று மேற்பட்ட மாற்றம். பின்னே ஒரு பல்லைக் குறைத்தலோ நூற்றுக்கு 3 பங்கும் எட்டாது. சிறு சக்கரத்தின் ஒரு பல் அத்துணை வலியது.

எஞ்சின் ஒரே விரைவிற் சுழல, 16 பல்லுடன் மணிக்கு 64 கிலோமீட்டர் செல்லும் வண்டி, 17 பல்லுடன் 68-உம், 18 பல்லுடன் 72-உம் செல்லும். இவ்வளவே கண்டு மகிழ்வோர் மறுபக்கத்தையும் காணல் வேண்டும். 18 பல் பூட்டிய வண்டியின் பின்சக்கரத்தில் இழுவிசை ஒன்பதில் ஒரு பங்கு குறைந்துபோம். பற்சக்கரம் ஆற்றலைப் படைப்பதில்லை. விசையைக் கொடுத்து வேகத்தையோ, வேகத்தைக் கொடுத்து விசையையோ பெறும் பண்டமாற்றே அது செய்வது.

இப்பண்டமாற்றில் ஊதியம் எது, இழப்பு எது என்று துணிதற்குத் திருக்குறளின் வலியறிதல் என்னும் அதிகாரம் சிறந்த வழி காட்டுகின்றது. வினையின் வலி, தன் வலி, மாற்றான் வலி, துணையின் வலி என நான்கினையும் அளந்து செயல்புகுக என்கிறார் வள்ளுவர். இங்கே வினையாவது நாடோறும் செல்லும் பாதை. பேருந்தும் லாரியும் நெருங்கி, நூறடிக்கொருமுறை நிற்றலும் நகர்தலுமாய்க் கழியும் எம் ஊர்ச் சாலையில் உச்ச வேகத்துக்கு இடமேது? தன் வலியாவது எஞ்சின். 346 கன சென்டிமீட்டரும் ஏறத்தாழ 18 குதிரைத்திறனும் உடைய பழைய எஞ்சினைக் குறைந்த சுழற்சியில் மிக்க சுமையிழுக்கச் செய்தால், அது திணறித் தட்டும்; தாங்கிகள் தேயும்; ஒவ்வொரு முறை புறப்படும்போதும் கிளச்சை நெடிது நழுவவிட நேரும். மாற்றானாவது காற்று. வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதனை வெல்ல வேண்டும் திறன் எட்டு மடங்காகும். எனவே பல்லைக் கூட்டியவர் எண்ணிய வேகத்தைச் சாலையில் எய்தாது, மூன்றாம் கியருக்கே மீள்வதும் உண்டு. துணையாவன சங்கிலியும் பிரேக்கும். 64-லிருந்து 72-க்கு வேகம் உயர்ந்தால், அதே பிரேக் அடக்க வேண்டிய இயக்க ஆற்றல் காற்பங்குக்கு மேல் மிகும். பழைய டிரம் பிரேக்கோ பழையபடியே இருக்கும். வேகத்தை விலைக்கு வாங்கி நிறுத்தத்தை மறப்பது உயிரோடு விளையாடுவதன்றோ?

“பெங்களூர் நெடுஞ்சாலையில் எஞ்சின் அமைதியாய் ஓடுமே, பெட்ரோலும் மிச்சப்படுமே” என்பார் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. அகன்ற சாலையில் ஒரே சீராய் நெடுந்தொலைவு செல்வோர்க்கும், பெரிய எஞ்சின் உடையோர்க்கும் உயர்ந்த கியரமைப்பே தக்கது. 500 வண்டிக்கு அதனை ஆக்கியோரே 350-க்கு அளித்ததினும் பெரிய முன்சக்கரத்தை அளித்தனர். ஆயின் ஆண்டுக்கொரு முறை செய்யும் யாத்திரைக்காக, எஞ்சிய நாளெல்லாம் அம்பத்தூர்ச் சந்திப்பில் வண்டியைத் திணறடித்தல் விருந்தினர்க்கென்று சமைத்ததையே நாடோறும் உண்டு நோயுறுதல் போலும்.

ஆகவே எம் துணிபு இது. எஞ்சினில் மாற்றம் செய்யாத 350 வண்டி, நகரத்தில் ஓடுமாயின், 16 பல்லே அமையும். எஞ்சினைத் திருத்தித் திறன் பெருக்கியோர், அன்றி வாரந்தோறும் நெடுஞ்சாலை செல்வோர், 17-க்கு ஏறலாம். அதற்குமேல் ஏறுமுன் பன்முறை சிந்திக்க. 17-இல் மற்றுமொரு நலன் உண்டு: சங்கிலிக் கண்ணிகளின் தொகை இரட்டைப்படையாதலின், 16 பல்லுடைய சக்கரத்தில் ஒவ்வொரு பல்லும் என்றும் ஒரே வகைக் கண்ணியையே தொடும், 17 பல்லுடையதிலோ உட்கண்ணியும் புறக்கண்ணியும் மாறிமாறி வருதலால் தேய்வு பரவி நிற்கும். பின்னே ஒருவரை ஏற்றிக்கொண்டு, நெரிசலில் முதற்கியரில் நடைவேகத்தில் கிளச்சைப் பிடியாது செல்ல இயலுமா என்று பார்ப்பதே நல்ல சோதனை. புதுச் சங்கிலியைத் தேய்ந்த பல்லிற் பூட்டற்க. அளவு மாறியபின் சங்கிலியின் தொய்வையும் மீண்டும் சரிசெய்க. இவ்வேலைக்குக் கிளச்சையும் கழற்ற வேண்டியிருத்தலின், இருமுறை கூலி கொடாதிருக்க முன்னரே கணக்கிடுதல் நன்று.

கோபுரம் கட்டப் புகுவோன் முன்னர் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்பது நம் ஆண்டவர் அருளிய உவமை. முல்லைக் கொடியொன்றில் கால் சிக்கித் தொண்டைமானின் யானையும் நின்றுவிட்டதென எம் ஊர்த் தலவரலாறு கூறும். வலிமை எத்துணையதாயினும் நிலத்தை நோக்கியே நடத்தல் வேண்டும். கலைப்பிரிவு மாணவர்காள், இக்கணக்குக் கைவினைஞர்க்கு மட்டும் உரியதென ஒதுங்கற்க. பட்டறைக்குச் செல்லுமுன் ஒரு தாளில் இரு எண்களை எழுதி வகுத்துப் பாருங்கள். பின்னர்ப் பட்டறையாரிடம் உங்கள் பாதையைச் சொல்லிப் பல்லின் அளவைக் கேளுங்கள்.