கொலையாளி யார் என்பதற்கு அப்பால்

துப்பறியும் புதினத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுவோர் உண்டு. கொலையாளி இன்னார் என்று அறிந்தபின் அவர்களுக்கு அந்நூல் தீர்ந்துபோகிறது. இன்று உலகெங்கும் மொழிபெயர்க்கப்படும் ஜப்பானியக் குற்றப் புதினங்களில் அவ்வழக்கம் பலிப்பதில்லை. கெய்கோ ஹிகாஷினோ 2005இல் வெளியிட்ட ‘சந்தேக நபர் எக்ஸின் அர்ப்பணிப்பு’ புதினத்தில் கொலை தொடக்கத்திலேயே நம் கண்முன் நிகழ்கிறது. கொன்றவரைக் காக்க ஒரு கணித ஆசிரியர் எதையெல்லாம் இழக்கத் துணிகிறார் என்பதே பின்னர் நம்மை ஈர்க்கிறது.

இவ்வகைக்கு வழி திறந்தவர்களுள் முதன்மையானவர் செய்ச்சோ மட்சுமோட்டோ. 1958இல் நூலாக வந்த அவரது ‘புள்ளிகளும் கோடுகளும்’ புதினத்தில், ஓர் அரசு அலுவலரும் ஒரு பெண்ணும் கடற்கரையில் இறந்துகிடக்கின்றனர். காதலர் தற்கொலை என்று அனைவரும் நம்புகின்றனர். அலுவலரின் பையிலிருந்த தொடர்வண்டி உணவகச் சீட்டோ, ஒருவர் மட்டும் உண்டதாகக் காட்டுகிறது. காதலியுடன் பயணம் செய்தவர் தனியே உண்பாரா? முதிய துப்பறிவாளர் ஒருவரின் இவ்வெளிய ஐயம், அமைச்சக ஊழல் வரை நீள்கிறது. (முடிவைக் கூறிவிட்டேனே என்று கவலற்க, நூலின் சுவை இதனால் குன்றாது.) தொடர்வண்டிக் கால அட்டவணையைக் கொண்டு மட்சுமோட்டோ பின்னிய புதிர் வியப்புக்குரியதுதான். ஆயினும், என் நெஞ்சில் நிற்பது அதுவன்று. ஊழலை மறைக்க அந்த அலுவலர் கொல்லப்படுகிறார். அச்சாவு காதல் தற்கொலையாகத் தோன்றவேண்டும் என்பதற்காக அப்பெண்ணும் கொல்லப்படுகிறாள்.