சிறிதென எண்ணற்க

தீங்கு பெருகிய பின்னரே அதனைத் தீங்கென்று உணர்வது மனித இயல்பு. கிணற்றடியிலும் வாய்க்கால் ஓரத்திலும் நாம் அன்றாடம் காணும் தேரையே இதற்குச் சான்று. பூச்சிகளைத் தின்று நமக்கு உதவும் இவ்வுயிர், தனக்குரியதல்லாத மண்ணில் பெருங்கேடாகிவிட்டது.

மடகாஸ்கர் தீவின் துவாமசினாத் துறைமுகப் பகுதியில் இத்தேரை பரவியுள்ள செய்தி 2014இல் உலகுக்குத் தெரியவந்தது. இதன் நஞ்சைத் தாங்கும் ஆற்றல் அத்தீவின் பாம்பு முதலிய உயிர்களுக்குப் பெரும்பாலும் இல்லை. தேரை எங்கிருந்து வந்தது? தாய்வழியே வரும் மைட்டோகாண்ட்ரிய மரபணுவை ஆராய்ந்த அறிவியலாளர் 2017இல் விடை கூறினர். ஆராய்ந்த தேரைகளில் ஒரே மரபணு வகையே காணப்பட்டது. அது கம்போடியா, வியட்நாம் நாட்டுத் தேரைகளின் வகையோடு ஒத்திருந்தது. வந்து இறங்கியவை மிகச் சிலவே என்பதையே இவ்வொருமை உணர்த்துகிறது.

சிலவே வந்தன எனின், மரபு வளம் குன்றித் தாமே அழிந்துவிடும் என்பார் உளர். அது பொருந்தாது. கரும்பு வண்டுகளை ஒழிக்க 1935இல் ஹவாயிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட கரும்புத் தேரைகள் ஏறத்தாழ நூறுதான். இன்று அவை அந்நாட்டின் மேற்குப் பகுதி வரை பரவியுள்ளன. பரவலின் முன்னணியில் செல்பவற்றின் கால்கள் நீண்டிருப்பதை 2006இல் கண்டறிந்தனர். விரைந்து சென்றவை எல்லையில் ஒன்றோடொன்று இணைய, அவற்றின் வழித்தோன்றல்கள் மேலும் விரைகின்றன.

கடல்கடந்த செய்தியென இதனை ஒதுக்கலாகாது. நம் பெருநிலத்துப் பெருந்தவளை அந்தமானில் புகுந்துள்ளது. அதன் தலைப்பிரட்டைகள் அத்தீவுத் தவளைகளின் தலைப்பிரட்டைகளை உண்கின்றன.

திருப்பூரின் பின்னலாடைகள் கண்டெய்னர்களில் தூத்துக்குடி வழியே உலகெங்கும் செல்கின்றன. இயந்திரங்களும் பிறவும் அவ்வாறே வருகின்றன. ஈரமான மூலையில் ஒடுங்கிய ஓர் உயிருக்குக் கப்பல் கட்டணம் ஏது? பெட்டியை மூடுமுன்னும் திறந்தவுடனும் அடித்தளத்தையும் மரப்பலகைகளையும் சோதித்தல் சில நிமிடப் பணியே. இதனை ஏற்றுமதியாளர் நடைமுறையாக்க வேண்டும். விலங்கியல் மாணவர் நம் குளங்களின் தவளையினங்களை ஆண்டுதோறும் பதிவு செய்ய வேண்டும். உள்ளது எதுவென அறியாதவர் புதியது எதுவென எங்ஙனம் அறிவர்?

காலம் தாழ்த்துவதன் விலையை நாம் நொய்யலில் கண்டோம். சாயக்கழிவால் ஆறு கெட்ட பின், 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபோது ஊரே தவித்தது. கழிவுக்கேனும் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. பல்கிப் பெருகிய உயிரைத் திரும்ப அழைக்க எந்த நிலையமும் இல்லை. தேரையின் மீது குற்றமில்லை. கவனமின்றிச் சுமந்து சென்றவர் மீதே குற்றம். அக்குற்றம் நம் ஊரைச் சேராதிருக்கட்டும்.