மனு வாங்கினால் போதுமா, எம்.எல்.ஏ. சார்?

ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போன ராத்திரிகளில் பல வீடுகளில் யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. விடிகாலையில் செல்போன் அடித்தால் வயிற்றைக் கலக்கும். ‘நேவிக்காரன் புடிச்சிட்டான்.’ அவ்வளவுதான் செய்தி. அடுத்து என்ன நடக்கும் என்பது ஊருக்கே மனப்பாடம்.

மீன்வளத் துறைக்கு ஒரு மனு. கலெக்டருக்கு ஒன்று. எம்.எல்.ஏ.வுக்கு ஒன்று, எம்.பி.க்கு ஒன்று. ‘குடுத்துட்டுப் போங்கம்மா, ஐயா பார்த்துக்குவாங்க’ என்பார் உதவியாளர். முதலமைச்சர் டெல்லிக்குக் கடிதம் எழுதுவார். கருணாநிதி எழுதினார், ஜெயலலிதா எழுதினார், பழனிசாமி எழுதினார், ஸ்டாலின் எழுதினார். பேப்பரில் செய்தி வந்ததும் எல்லாருடைய கடமையும் முடிந்துவிடும்.

மீனவருக்கு அப்போதுதான் எல்லாம் ஆரம்பம். அவர் மீது அங்கே இரண்டு குற்றச்சாட்டு. அனுமதியில்லாமல் மீன் பிடித்தது ஒன்று. அனுமதியில்லாமல் நாட்டுக்குள் நுழைந்தது இன்னொன்று. அதாவது, பாஸ்போர்ட்டையே கண்ணில் பார்க்காத ஒரு மனிதர் குடிவரவு வழக்கில் குற்றவாளி! யாழ்ப்பாணம் சிறை, ஊர்காவற்றுறை கோர்ட், வாய்தா. கடைசியில் கோர்ட் விடுதலை செய்தாலும் உடனே வீடு வர முடியாது. கொழும்பு பக்கம் மிரிஹானவில் உள்ள குடிவரவுத் தடுப்பு முகாமில் பல முறை நம் மீனவர்கள் காத்துக் கிடந்திருக்கிறார்கள். எதற்காக? இவர் இந்தியர்தான் என்று நம் தூதரகம் உறுதி செய்து, ஒருவழிப் பயணத்துக்கு ஒரு காகிதம் தருவதற்காக. அப்புறம் விமான டிக்கெட்டுக்காக.

எல்லை தாண்டியது சரியா, தப்பா? இழுவைமடி யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவரின் வலையை அறுக்கிறது என்பது உண்மை. அதை மறைத்துவிட்டு நியாயம் பேச முடியாது. ஆனால் கோர்ட்டே போகச் சொன்ன பிறகும் ஒருவர் காகிதத்துக்காகக் காத்திருப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

‘வெளியுறவு மத்திய அரசு விஷயம். எம்.எல்.ஏ. என்ன செய்வார் பாவம்?’ என்று கேட்பார்கள். அமெரிக்காவிலும் குடியேற்றம் மத்திய அரசு விஷயம்தான். அங்கே ஒருவரின் விசா ஃபைல் நகராமல் கிடந்தால், தன் தொகுதி காங்கிரஸ் உறுப்பினரின் ஆபீசுக்குப் போகிறார். இதற்கென்றே அங்கே சம்பள ஊழியர்கள் உண்டு. ஒரு சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ‘இந்த ஃபைல் எங்கே நிற்கிறது, ஏன்?’ என்று துறையைக் கேட்பார்கள். தீர்ப்பை மாற்றச் சொல்வதில்லை. பதில் சொல்லச் சொல்கிறார்கள். சிபாரிசுக்கும் விசாரணைக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். நமக்கு முதலாவது நன்றாகத் தெரியும். இரண்டாவது மறந்தே போச்சு.

நம்மிடம் விதி இல்லாமல் இல்லை. எம்.பி., எம்.எல்.ஏ. கடிதம் வந்தால் 15 நாளில் ஒப்புகை, அடுத்த 15 நாளில் பதில் என்று மத்திய அரசின் பணியாளர் துறை 2011-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. வெளிநாட்டில் சிக்கியவர்களின் புகாருக்காக வெளியுறவுத் துறை 2015-ல் ‘மதத்’ என்ற இணையதளமும் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் 2010 முதல் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. கதவுகள் இருக்கின்றன. தட்டத்தான் ஆளில்லை.

அதனால் ஜெகதாப்பட்டினம் உள்ள அறந்தாங்கி சட்டமன்றத் தொகுதிக்கும், அது அடங்கிய ராமநாதபுரம் நாடாளுமன்றத் தொகுதிக்கும், யார் வந்தாலும் என் கோரிக்கை இதுதான்:

ஒன்று, மனுவுக்கு நம்பர் போட்டு ரசீது கொடுங்கள்.

இரண்டு, கைதான அன்றே ஆதார், ரேஷன் கார்டு, மீனவர் அட்டை நகல்களை வாங்கித் தூதரகத்துக்கு அனுப்புங்கள். விடுதலைக்குப் பிறகு அடையாளம் தேட வேண்டாம்.

மூன்று, வந்த பதிலை, வராத பதிலையும் சேர்த்து, குடும்பத்துக்கு எழுத்தில் சொல்லுங்கள்.

இதற்கு டெல்லியின் தயவு வேண்டாம். ஒரு மேஜை, ஒரு நோட்டு, பொறுப்பான ஒரு ஆள் போதும்.

மீனவர்கள் சென்னை ஏர்போர்ட்டில் இறங்கும்போது சால்வையோடு போய் நிற்க மட்டும் எல்லாக் கட்சிக்கும் ஆள் கிடைக்கிறது. அந்தச் சால்வையை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒரு வாரம் முன்னாடி ஒரு போன் போட்டிருக்கலாமே, ஐயா?